அடைப்புக்குறிக்கு ஓசை இல்லை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, ரம்லா மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தது. முழங்கைக்கும் பெருவிரலுக்கும் நடுவே, அவசரமில்லாமல், சுற்று மேல் சுற்றாக.

வகுப்பு தொடங்குவது பத்து மணிக்கு. முடிவது பதினொன்றரைக்கு. அதற்கு முன்னால் அந்த வயரைச் சுற்றும் வேலை யாருக்கும் கிடையாது.

பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா ஹாலில் இருபது, இருபத்தைந்து பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு பக்கத் தாள். இடது பாதியில் மலையாளம், வலது பாதியில் தமிழ். நான் தட்டச்சு செய்து பாறசாலையில் நகலெடுத்துக் கொடுத்த தாள்.

என்ன ஆயிற்று என்று ரம்லாவிடம் கேட்டேன்.

"மைனி வரமாட்டாவளாம், காக்கா. இனி ஒருக்கலும் வரமாட்டாவளாம்."

காக்கா என்றால் இங்கே அண்ணன். மைனி என்பது ரம்லாவின் கணவருடைய அக்கா சபூரா. வயது முப்பத்தாறு. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் பார்வை போனது. முதலில் டேப் ரெக்கார்டரிலும் பிறகு போனிலும் கேட்டுக் கேட்டே குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தவர். நான்கு வருடமாக ஞாயிறு வகுப்பில் பெண்களுக்கு ஓதிக்கொடுப்பது அவர்தான். ஒரு எழுத்தை ஒருவர் தொண்டையில் உச்சரிக்காமல் நாக்கில் உச்சரித்தால், பின்வரிசையில் இருந்தாலும் பெயர் சொல்லித் திருத்துவார்.

ரம்லா தாளை நீட்டி, நடுவில் ஒரு வரியின் கீழ் நகத்தால் கோடு போட்டார். முந்தின நாள் சாயங்காலம் அதை மைனிக்கு வாசித்துக் காட்டியது அவர்தான். அந்த வரி வந்ததும் சபூரா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாராம். பிறகு வகுப்புக்கு வரமாட்டேன் என்றாராம்.

வரி இது: இங்கே குருடராக இருப்பவர் மறுமையிலும் குருடராகவே இருப்பார்.

குர்ஆனின் பதினேழாம் அத்தியாயத்தில் வருகிற வசனம். அதை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தது நான்.

வெட்டும் கை

நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் இருபத்தாறு வருடம் துணை ஆசிரியராக இருந்தேன் என்பது இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே எனக்கு வேலை பழக்கிய தலைமைத் துணை ஆசிரியருக்கு அடைப்புக்குறி என்றால் ஆகாது. அடைப்புக்குறியைக் கண்டால், நிருபருக்கு அந்த இடத்தில் சந்தேகம் என்று அர்த்தம் என்பார். தேவையென்றால் வாக்கியத்துக்குள் கொண்டுவா, தேவையில்லையென்றால் வெட்டு. நான் வெட்டிப் பழகினேன்.

ஓய்வு பெற்று மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், பாறசாலைக்கு அருகே உள்ள சொந்த ஊருக்கு வந்தபின், பள்ளிவாசலில் தொழவைத்து ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் ஒரு வேலை கொடுத்தார். உஸ்தாத் வடக்கே மலப்புறம் பக்கத்துக்காரர், வயது முப்பது இருக்கும். வாரம் ஐந்து வசனம் அவர் தேர்ந்தெடுப்பார். வகுப்புக்கு வரும் பெண்களில் சிலருக்கு மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரியும், சிலருக்குத் தமிழ் மட்டும். இரண்டையும் ஒரே தாளில் அடக்கித் தரவேண்டும்.

மேசையில் மூன்று தமிழ் மொழிபெயர்ப்புகள் இருந்தன. அரபு மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஒரே சொல்: அஃமா. கண் தெரியாதவர். ஒருவர் அதற்கு முன்னால் '(சத்தியத்தைக் காணாத)' என்று சேர்த்திருந்தார். இன்னொருவர் '(அகக்கண்)' என்று சேர்த்திருந்தார். மூன்றாமவர் அடைப்புக்குறிக்குள் ஒரு முழு வாக்கியத்தையே வைத்திருந்தார்.

மூன்றும் மூலத்தில் இல்லாதவை. தாளில் இடமும் இல்லை. மூன்றையும் வெட்டினேன்.

வெட்டியபோது ஒரு நல்ல வேலை செய்த நிறைவு இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். பத்திரிகையில் 'குருடர்' என்ற சொல்லை நாங்கள் கைவிட்டு வெகு காலம் ஆகிறது. வேத வசனம் ஆயிற்றே என்று அதில் மட்டும் கைவைக்கவில்லை.

குறி எங்கே தொடங்கியது?

பதினொன்றே காலுக்கு சபூராவின் வீட்டுக்குப் போனேன். அடுக்களை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தி நுனியால் நீளமாகக் கீறி, தோலுக்கடியில் பெருவிரலைக் கொடுத்தால் ஒரே உரியாக வந்தது.

உஸ்தாத் அனுப்பி வந்தீர்களா என்று கேட்டார். இல்லை, தப்பு என்னுடையது, அதைச் சொல்ல வந்தேன் என்றேன்.

அடைப்புக்குறி என்றால் என்ன என்று சொன்னேன். இரண்டு வளைந்த கோடுகள், அவற்றுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளர் தன் விளக்கத்தை வைப்பார், நான் அதை எடுத்துவிட்டேன், எடுத்ததால் அர்த்தம் மாறிவிட்டது. கத்தி நிற்கவில்லை.

"அந்தக் குறியோட ஒருக்கா வாசியுங்க, காக்கா."

கொண்டுபோயிருந்த மொழிபெயர்ப்பைப் பார்த்து வாசித்தேன்.

"குறி எங்க தொடங்குச்சு?"

விரலை அடைப்புக்குறியில் வைத்தேன். அதை எப்படி வாசிப்பது?

"எனக்கு எல்லாம் ஒரே சத்தமாக்கும். அல்லா சொன்னது ஏது, எழுதினவன் சேத்தது ஏதுன்னு நான் எப்படி அறிய? குறி போட்டு வாசிச்சிருந்தா இண்ணைக்கு சந்தோசமா கிளாஸுக்கு வந்திருப்பேன். ஆனா அது மனுசன் தந்த சந்தோசம்லா?"

இருபத்தாறு வருடத்தில் எத்தனை ஆயிரம் அடைப்புக்குறிகளை வெட்டியிருப்பேன் என்று தெரியாது. அதற்கு ஓசை இல்லை என்பது ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

அந்த வசனத்தை அவர் ஆயிரம் தடவை ஓதியிருப்பார். ஆனால் மனப்பாடம் செய்தது ஒலியை. அர்த்தம் அங்கங்கே பிரசங்கத்தில் கேட்டதுதான். இந்த வரியின் அர்த்தத்தை அதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அல்லது சொல்லத் தயங்கினார்கள்.

வகுப்பை விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"கிளாஸ் போனா போட்டும்," என்றார். கிழங்கைக் கீழே வைத்தார். "எனக்க உம்மா அடிக்கடி ஒண்ணு சொல்லுவாவ. மறுமையில அங்க வந்தா மொதல்ல என்னப் பாரு மக்கா, பொறவு மத்ததெல்லாம் பாக்கலாம்னு. அவிய மவுத்தாகி மூணு வருசமாச்சு. நான் இதுவரைக்கும் அந்த ஒரு பேச்சுலதான் இருந்தேன். இப்பம் வரி இப்படி இருக்கு."

தாயை இழந்தவருக்கு ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"சமாதானம் வேண்டாம் காக்கா. உள்ளது என்னன்னு மட்டும் சொல்லுங்க."

புத்தகத்தை மூடினேன். ஸலாம் சொல்லிவிட்டு வந்தேன்.

கடல் கேறிய வீடு

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. பத்திரிகையில் இருந்தபோது பொழியூரில் கடலரிப்பில் ஒரு வீடு போனது. 'கடல் வீட்டை விழுங்கியது' என்று தலைப்பு வைத்தேன். மறுநாள் தொடர்செய்திக்காக நானே அங்கே போகவேண்டி வந்தது. வீட்டுக்காரி, ஒரு மீன்பிடிப்பவரின் மனைவி, பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"விழுங்கினா திரும்ப வருமா? எனக்க வீட்டுக் கதவு காலையில கரையில கெடக்கு. பாருங்க," என்றார். கதவு கிடந்தது. கொண்டியோடு.

பிறகு எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டேன். "கடல் கேறுச்சு, வீடு போச்சு. அம்புட்டுதான் நடந்தது" என்றார்.

அப்படியே எழுதிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். பாறசாலை தாண்டும்போதுதான் யோசித்தேன்: கடல் எப்படி ஏறும்? அதற்குக் கால் உண்டா? 'விழுங்கியது' உருவகம் என்று பிடித்த அதே பெண், 'கேறுச்சு' என்பதை உள்ளது உள்ளபடியான சொல்லாக வைத்திருந்தார். புழங்கிப் புழங்கி உருவகம் என்பதே மறந்துபோன சொற்கள் நம் வாயில் எத்தனை உண்டு என்று அன்று எண்ணத் தொடங்கினேன். பேருந்து நின்றபோதும் முடியவில்லை.

நஜீபின் கேள்வி

ஞாயிறு சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் அலுவலகத்தில் மூன்று பேர் உட்கார்ந்தோம். உஸ்தாத், நான், பள்ளிவாசல் கமிட்டிச் செயலாளர் நஜீப்.

நஜீபுக்கு நாற்பத்தைந்து வயது. பதினோரு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தவர். அங்கே வெள்ளிதோறும் ஒரு பாடவகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தவர். இப்போது பாறசாலையில் டைல்ஸ் கடை. மதரஸா ஹாலுக்குத் தரை போட்டது அவர் சொந்தச் செலவில். சபூரா மைக்கில் ஓதுவதற்கு முதன்முதலில் கமிட்டியில் வாதாடியதும் அவர்தான்.

என் தாளை அவர் பாராட்டினார். மனிதர் சொல் கலக்காமல் அல்லாஹ்வின் சொல்லை மட்டும் தந்த முதல் தாள் இது என்றார். சபூராவை நினைத்தால் வருத்தம்தான், ஆனால் வருத்தத்துக்காக வேதத்தின் சொல்லை வளைக்க முடியாது என்றார்.

உஸ்தாத் பழைய விவாதத்தை எடுத்துச் சொன்னார். குர்ஆனில் உருவக வழக்கு உண்டா என்று அறிஞர்கள் நூற்றாண்டுகளாகப் பிரிந்து நின்றிருக்கிறார்கள். இல்லை என்றவர்களின் வாதம் எளிது. ஒரு வீரனைச் சிங்கம் என்று சொன்னால், 'அவன் சிங்கம் இல்லை' என்று இன்னொருவர் மறுக்கலாம், அவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். மறுக்கத்தக்க ஒரு சொல் இறைவனின் பேச்சில் வருமா? உண்டு என்றவர்கள், வேதம் மனிதர் பேசும் மொழியில் இறங்கியது, மனிதர் பேசும் மொழி இப்படித்தான் இருக்கும் என்றார்கள். யூசுப் நபியின் கதையில் சகோதரர்கள் தந்தையிடம் 'ஊரைக் கேளுங்கள்' என்கிறார்கள். ஊரின் கட்டடங்களையா கேட்பது?

பள்ளிக்கூடத்தில் ஆகுபெயர் என்று படித்தது எனக்கு நினைவு வந்தது.

நஜீப் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தன் பயத்தைச் சொன்னார். அது நியாயமான பயம் என்பதால் அவர் சொன்னபடியே தருகிறேன்.

"இண்ணைக்கு குருடுன்னா மனசுன்னு சொல்லுவோம், உஸ்தாதே. நாளைக்கு ஒருத்தன் வந்து நோன்புன்னா பட்டினி இல்ல, மன அடக்கம்னு சொல்லுவான். நாளைக் கழிச்சு தொழுகையே ஒரு உருவகம்னு வரும். எந்த எடத்துல நிப்பாட்டுவீங்க? யாரு நிப்பாட்டுவா?"

உஸ்தாத் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் பள்ளிவாசல் சுற்றுச்சுவர் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. அதன்மேல் ஒரு அட்டை தொங்கியது. உஸ்தாத் தமிழ் எழுத்துக் கூட்டிப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. பலகையில் எழுதிப் பார்க்கும் பிள்ளையைப்போல உரக்க வாசித்தார்.

"சுவர்... விழப்... பார்க்கிறது. அருகில்... நிற்காதீர்." திரும்பினார். "நஜீபே, இது ஆரு எழுதியது?"

"ஞான் தன்னே," நான்தான் என்றார் நஜீப்.

"மதிலினு கண்ணுண்டோ?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நஜீபுக்கும்.

"அது தமிழு, உஸ்தாதே. தமிழ்ல அப்படியாக்கும் பறையுதது."

அரபியிலும் அப்படித்தான் என்றார் உஸ்தாத். பதினெட்டாம் அத்தியாயத்தில் மூசா நபியும் அவருடைய வழித்துணையும் ஒரு ஊருக்கு வருகிறார்கள். அங்கே ஒரு சுவர் 'விழ விரும்புகிறது'. வேதத்தின் சொல் அதுதான். சுவருக்கு விருப்பம் உண்டா என்று நூல் நூலாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

நஜீப் சிரித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மதிலு வேற. மறுமை வேற," என்றார். "மதிலுக்கு ஒரு அர்த்தம் தப்பாப் போனா கல்லுதான் விழும்."

அன்று அதற்கு மேல் போகவில்லை. சபூரா வராவிட்டால் வேறு ஒரு ஆசிரியையை ஏற்பாடு செய்யவேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு எழுந்தார்கள். வாசலில் செருப்பு போடும்போது நஜீப் என்னிடம், வேறு ஆள் வந்தாலும் அந்த ஓதல் வராது என்றார்.

விரல் மடக்கிய கணக்கு

வியாழக்கிழமை காலை ரம்லா போன் செய்தார். மைனி கூப்பிடுகிறார், தர்ஜுமாக்கள் எல்லாவற்றையும் கொண்டுவரவேண்டும், உஸ்தாதும் நஜீபும் வரவேண்டும். தர்ஜுமா என்றால் மொழிபெயர்ப்பு.

நாலரை மணிக்கு முற்றத்தில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. ரம்லா பால் கலக்காத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றார். சபூரா எந்த முன்னுரையும் இல்லாமல் தொடங்கினார். ஞாயிறு மதியம் முதல் புதன் வரை, வீட்டு வேலைக்கு நடுவே, முழுக் குர்ஆனையும் மனதுக்குள் ஒருமுறை ஓதி முடித்தாராம். அஃமா என்ற ஒலி வரும் இடமெல்லாம் விரலை மடக்கினாராம்.

"பத்து வெரலும் தீந்து மறுபடியும் மடக்கினேன். எடம் எல்லாம் மனசுல உண்டு. அர்த்தந்தான் தெரியாது. நான் ஓதுறேன், காக்கா அர்த்தம் வாசிக்கணும். ப்ராக்கெட்டு ஒண்ணும் வேண்டாம்."

நஜீப் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் எதிர்பார்த்தது அழுகையை. வந்தது அவருடைய சொந்தக் கொள்கை.

நான் வாசித்தேன். ஒரு விரலால் அடைப்புக்குறிகளை மறைத்துக்கொண்டே வாசித்தேன். வேத வசனத்தில் மறுபடியும் அதே வேலை. இந்தத் தடவை, கேட்டுக்கொண்டவருக்காக.

ஒரு இடத்தில், குருடர்மேல் குற்றமில்லை என்று வந்தது. போருக்குப் போகமுடியாதவர்களைப் பற்றிய வசனம் என்றார் உஸ்தாத். "இது எங்களத்தான்," என்றார் சபூரா. "கண்ணே ஆக்கும் இங்க அர்த்தம். சந்தேகம் இல்ல."

எண்பதாம் அத்தியாயத்தில், ஒரு குருடர் தேடி வந்தபோது முகம் சுளித்ததற்காக நபியையே இறைவன் கண்டிக்கிறான். அந்த மனிதர் பிற்பாடு மதீனாவில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்பவராக இருந்தார் என்று உஸ்தாத் சேர்த்தார். சபூரா கையை உயர்த்தினார்.

"இப்பம் சொன்னது வேதமா, நீங்க சேத்ததா?"

"ஞான் சேர்த்தது," என்றார் உஸ்தாத். "சரித்திரம்."

"செரி. தனியா வச்சுக்கலாம்."

இன்னொரு இடத்தில் ஒலி சற்று மாறியிருந்தது, ஆனாலும் விரல் மடக்கியதாகச் சொன்னார். அஃமா இல்லை, தஃமா. இருபத்திரண்டாம் அத்தியாயம். பக்கத்தைத் தேடி வாசித்தேன்: கண்கள் குருடாவதில்லை, நெஞ்சுகளில் இருக்கும் இதயங்களே குருடாகின்றன. அந்த வரியில் எந்த மொழிபெயர்ப்பிலும் மறைக்க வேண்டிய குறி ஒன்றும் இருக்கவில்லை. நஜீப் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, அரபு வரியை அவரே ஒருமுறை பார்த்தார். திருப்பித் தந்தார்.

பிறகு இருபதாம் அத்தியாயம். சபூரா இரண்டு வசனங்களைச் சேர்த்து ஓதினார். அவர் ஓதும்போது அடுத்த வீட்டு மிக்ஸி நின்றது.

வாசித்தேன். இறைவனின் நினைவைப் புறக்கணித்தவனை மறுமை நாளில் குருடனாக எழுப்புவோம் என்று வருகிறது. அவன் கேட்கிறான்: இறைவா, என்னை ஏன் குருடனாக எழுப்பினாய், நான் பார்வை உள்ளவனாக இருந்தேனே?

"கடைசி வரி இன்னொருக்கா," என்றார் சபூரா.

வாசித்தேன்.

"இவனுக்குக் கண்ணு இருந்துதாம்." நஜீப் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நஜீப் காக்கா, வார்த்தைய அப்படியே எடுக்கணும்னுதான நீங்க சொல்றது? நானும் அதத்தான் சொல்றேன். அப்படியே எடுத்தா, பயப்பட வேண்டியது நானா, நீங்களா?"

ரம்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

நஜீப் சாயாவைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை. கிளாஸை நாற்காலிக் கைப்பிடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இங்கே குருடர், அங்கே குருடர்ங்கிற வரியில உள்ள குருடு கண்ணுல உள்ளது இல்ல," என்றார் கடைசியில், மெதுவாக. "அது ப்ராக்கெட்டு சொன்னதில்ல. அல்லாவே சொல்லியிருக்கான்."

"அதாக்கும்," என்றார் சபூரா.

உஸ்தாத் அப்போது ஒன்று சொன்னார். உருவகமே இல்லை என்ற பழைய அறிஞர்களிலும் அந்த வரியைக் கண்ணுக்குப் பொருத்தியவர்களைத் தனக்குத் தெரியாது. இதயத்துக்குப் பார்வை இல்லாமல் போவதுதான் நிஜமான குருடு, அதுவே நேரடி அர்த்தம் என்பார்கள். உண்டு என்றவர்கள் அதையே உருவகம் என்பார்கள். "ரெண்டு கூட்டரும் ஒரே ஸ்தலத்தாணு எத்தியது," என்றார்.

நஜீப் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வந்து சேர்ந்த இடம் ஒன்று என்பதால் வழியும் ஒன்று ஆகாது என்றார். இன்றுவரை வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு, வேதத்தில் வரும் 'அல்லாஹ்வின் கை' என்பது கையா, வல்லமையா, எப்படியென்று கேட்காமல் நம்பவேண்டிய ஒன்றா என்று அவரும் உஸ்தாதும் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். சில நாள் மதியச் சோறு ஆறிப்போகும். முன்பு நஜீப் இடையில் எழுந்து போய்விடுவார். இப்போது போவதில்லை.

சொல் முடிந்தது

தாள் மாறியது. வசனத்தில் அடைப்புக்குறி கிடையாது. கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே விளக்கம். ஆனால் கோட்டுக்கும் ஓசை இல்லை என்று சபூரா சொன்னார். அதனால் வகுப்பில் ஒரு வழக்கம் வந்தது. வாசிப்பவர் வசனத்தை முடித்துவிட்டு, "சொல்லு முடிஞ்சுது, இனி விளக்கம்" என்று உரக்கச் சொல்லவேண்டும். முதல் வாரம் பெண்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ரம்லா வீட்டில் மருந்துச் சீட்டு வாசிக்கும்போதும் அப்படியே சொல்லி, புருஷனிடம் ஏச்சு வாங்கியதாகக் கேள்வி.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு சபூரா மைக்கில் இருந்தார். பத்து ஐந்துக்கு ஒரு பெண்ணின் உச்சரிப்பைப் பெயர் சொல்லித் திருத்தினார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் என்னை நிற்கச் சொன்னார். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே பழைய ரேஷன் கார்டு. குடும்பத் தலைவியின் புகைப்படம் ஒட்டி, முத்திரை குத்தியது. அவருடைய உம்மாவின் படம் வீட்டில் அது ஒன்றுதான் உண்டு.

"காக்கா பேப்பர்ல இருந்தவரில்லியா. காணாமப் போனவங்களுக்க அடையாளம் எழுதுவீங்கல்லா? அதுபோல சொல்லுங்க."

எதற்கு என்று கேட்டேன். உம்மாவின் முகத்தை அவர் கையால் அறிந்தவர்தானே.

"கையால அறிஞ்சது கையிலதான் இருக்கு. மறுமையில கூட்டமாக்கும், காக்கா. சத்தம் போட்டாலும் கேக்காது. பாத்த ஒடனே ஆளத் தெரியணும்."

காணவில்லை அறிவிப்புகளை நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அந்த ஒழுங்கிலேயே சொன்னேன். வயது ஐம்பதுக்கு மேல். மாநிறம். நீள்வட்ட முகம். நெற்றி அகலம். புருவம் அடர்த்தியில்லை. மூக்கு நுனி சற்று இடதுபக்கம் சாய்வு. வெள்ளை முக்காடு, ஓரத்தில் சிறு பூவேலை. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்தார். தெரியும், தெரியும், தொட்டுப் பாத்திருக்கேன் என்றார். பூவேலையும் தெரிந்திருந்தது.

"பின்ன?"

கார்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முத்திரையின் மை கன்னத்தைத் தொடாமல் நின்றிருந்தது.

வலது கண்ணுக்குக் கீழே, தோலோடு தோலாக, தொட்டால் தெரியாத ஒரு கறுத்த மச்சம் இருந்தது.